அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அசிஸ்டன்ட் கோச் ஆவது எப்படி: ஒரு டைட் எண்டு கோச் சொல்வது

டாலஸில் இருக்கும் ஓர் அக்கா போன மாதம் போன் செய்தார். "தம்பி, எங்க வீட்டுப் பெரியவன் ஃபுட்பால் கோச் ஆகப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இதெல்லாம் ஒரு வேலையாப்பா? சோறு போடுமா?"

போடும். ஆனால் பந்தி எந்த ஊரில், யார் வீட்டில், எத்தனை நாளைக்கு என்று முன்கூட்டியே யாரும் சொல்ல மாட்டார்கள். அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த அக்கா கேட்டால் அனுப்பிவிடலாம் என்று.

முதலில் ஒரு தெளிவு. நான் சொல்வது காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், பக்கத்துக்கு 11 பேர், 100 கெஜ மைதானம். நான் 13 வயதில் ஈரோட்டிலிருந்து ஒஹாயோவுக்கு வந்தவன். பள்ளி அணியில் இரண்டு வருடம் பெஞ்சைச் சூடாக்கிய கார்டு, அதாவது முன்வரிசையில் நின்று எதிரியைத் தடுப்பவன். கல்லூரியில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. இப்போது ஒரு சின்னக் கல்லூரியில் டைட் எண்டு கோச், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். 14 வருடம், ஐந்து கல்லூரி, நான்கு மாநிலம். வீடு மாற்றி மாற்றி, இப்போதெல்லாம் மிக்ஸியையும் குக்கரையும் வந்த அட்டைப்பெட்டியோடே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஏணியின் படிகள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷனில், உச்சியில் எஃப்பிஎஸ் எனப்படும் பிரிவு: 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள், டிவியில் நீங்கள் பார்ப்பவை. அதற்கடுத்து அதே டிவிஷனின் எஃப்சிஎஸ், பிறகு இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன். என்ஏஐஏ என்ற இன்னொரு அமைப்பு, இரண்டாண்டு ஜூனியர் காலேஜ்கள் தனிக் கதை. எஃப்பிஎஸ் அணியில் ஒரு ஹெட் கோச், அவருக்குக் கீழே 10 அசிஸ்டன்ட் கோச்சுகள் (2018 வரை ஒன்பதுதான்). அந்தப் பத்துக்குள்தான் ஆஃபென்ஸ் (பந்து வைத்திருக்கும் பக்கம்), டிஃபென்ஸ் (தடுக்கும் பக்கம்) கோ-ஆர்டினேட்டர்களும், லைன், ரன்னிங் பேக், கார்னர் என்று ஆளுக்கொரு பிரிவைப் பார்க்கும் பொசிஷன் கோச்சுகளும். அதற்கும் கீழே அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல், கிராஜுவேட் அசிஸ்டன்ட் எனப்படும் ஜிஏ, கடைசியில் தண்ணீர் பாட்டில் தூக்கும் மாணவர்கள்.

ஜிஏ என்பது முதுகலை படித்துக்கொண்டே கோச்சிங் கற்கும் இடம். கட்டணம் தள்ளுபடி, கையில் கொஞ்சம் உதவித்தொகை. எனக்கு மாதம் 900 டாலர் கிடைத்தது. மூன்று பேர் ஒரு அபார்ட்மென்டில், இரண்டு மெத்தை. அம்மா போனில் கேட்பார்: "இன்னுமாடா நீ மாணவன்?"

சம்பள வித்தியாசத்தைக் கேட்டால் தலை சுற்றும். பெரிய அணிகளில் கோ-ஆர்டினேட்டர்கள் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். மூன்றாம் டிவிஷனில் முழுநேர அசிஸ்டன்ட் ஒருவர் ஒரு பள்ளி ஆசிரியரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, துணி துவைத்து, மைதானத்தில் கோடு போட்டு, வசந்தத்தில் குண்டு எறிதலும் சொல்லிக்கொடுப்பார். நான் துவைத்திருக்கிறேன். வெள்ளை ஜெர்சியையும் சிவப்பு சாக்ஸையும் சேர்த்துப் போட்டதும் உண்டு. அந்த சனிக்கிழமை எங்கள் அணி லேசான ரோஸ் நிறத்தில் ஆடியது.

ஆடத் தெரியாதவன் நுழையும் வாசல்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே அணியின் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் ஆபரேஷன்ஸ் டைரக்டரைப் போய்ப் பாருங்கள். ஹெட் கோச்சை அல்ல. "மேனேஜர் வேலை இருக்கிறதா, வீடியோ எடுக்க ஆள் வேண்டுமா" என்று கேளுங்கள். வீடியோவுக்கு எப்போதும் ஆள் வேண்டும். காற்றில் ஆடும் உயரமான லிஃப்டில் நின்று ஆகஸ்ட் வெயிலில் படம் பிடிக்க யாரும் வரிசையில் நிற்பதில்லை.

ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு கோணத்தில் எடுக்கப்படும்: பக்கவாட்டில் ஒன்று, கோல் கம்பத்துப் பின்னாலிருந்து ஒன்று. ஒரு பிளேக்கு, அதாவது பந்து புறப்பட்டு நிற்கும் ஒரு முயற்சிக்கு, இரண்டு துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. அதை ஹடில் போன்ற மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு பிளேக்கும் கட்டம் நிரப்ப வேண்டும். எத்தனையாவது டவுன் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எத்தனை கெஜம் பாக்கி, பந்து எந்தக் கோட்டில் (தன் பக்கம் என்றால் கழித்தல் குறி, எதிரி பக்கம் என்றால் கூட்டல்), இடது ஹாஷா வலது ஹாஷா (மைதானத்தின் நடுவில் இருபுறமும் இருக்கும் சின்னக் கோடுகள்), என்ன ஃபார்மேஷன் (வீரர்கள் நிற்கும் அமைப்பு), யார் நகர்ந்தார், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க எதிரி எத்தனை பேரை அனுப்பினார், பின்னால் என்ன கவரேஜ் (பந்து வாங்குபவர்களைக் காவல் காக்கும் ஏற்பாடு). ஒரு ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு சுமார் 70 பிளே. எதிரியின் கடைசி நான்கு ஆட்டம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு உட்கார்ந்தால் திங்கள் விடியும்.

இது எடுபிடி வேலை என்று நினைப்பவன் அங்கேயே நின்றுவிடுவான். ஃபுட்பால் எனக்குள் இறங்கியது அந்தக் கட்டங்கள் வழியாகத்தான். மூன்றாவது டவுனில் ஏழு கெஜத்துக்கு மேல் பாக்கி, பந்து இடது ஹாஷில் என்றால் இந்த அணி என்ன செய்யும் என்று 300 பிளே நிரப்பியவனுக்குக் கேட்காமலே தெரியும். எக்செல்லில் கைதேர்ந்தவராக இருங்கள், விசியோ என்ற வரைபட மென்பொருளில் பிளே வரையப் பழகுங்கள். பல கோச்சுகள் பிளேபுக்கை விசியோவிலோ பவர்பாயின்டிலோதான் வைத்திருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு அம்புக்குறியை நேராக வரைய வராது.

ஸ்கவுட் கார்டு

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜிஏ வாழ்க்கையே இதுதான்.

சனிக்கிழமை மோதப்போகும் எதிரியைப் போல நடிக்க உங்கள் அணியிலேயே ஆடாத பையன்கள் 11 பேரை நிறுத்துவார்கள். அதுதான் ஸ்கவுட் டீம். எதிரியின் பிளே அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு பிளேயையும் ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தடித்த கோப்பில் வரிசையாக அடுக்கி, அவர்கள் முன் தூக்கிக் காட்ட வேண்டும். பார்க்க அவர்களுக்கு ஐந்து நொடி. ஆகவே தடித்த மார்க்கர். பந்து வாங்குபவனுக்கு மட்டும் வண்ணம். நிலையின் பெயர் எழுதாதீர்கள், அந்த இடத்தில் நிற்கும் பையனின் ஜெர்சி எண்ணை எழுதுங்கள். அவன் தன் எண்ணைத்தான் தேடுவான். மூலையில் கார்டு எண், டவுன், தூரம். மழை நாளில் உறையின் வாயை டேப்பால் ஒட்டுங்கள்.

என் இரண்டாவது வாரம். டிஃபென்ஸ் கார்டுகள் 40 வரைந்தேன், அழகாக. கோல் கம்பத்துப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படியே வரைந்தேன். அந்தக் கேமரா ஆஃபென்ஸின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஆகவே கார்டில் ஆஃபென்ஸ் கீழே, டிஃபென்ஸ் மேலே. கார்டைப் பார்க்கப்போகும் ஸ்கவுட் டிஃபென்ஸ் பையனோ எதிர்ப்பக்கத்தில் நிற்கிறான். கார்டில் வலப்பக்கத்திலிருந்து பாயும் லைன்பேக்கர் (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன்) அவனுக்கு இடப்பக்கம். அவன் பாவம், கார்டில் இருந்தபடியே தன் வலப்பக்கம் போய்ப் பாய்ந்தான். எங்கள் லைன் வலது பக்கம் காவலைத் திருப்பிக் காத்திருக்க, ஆள் இடது பக்கமாக வந்து குவார்ட்டர்பேக் மடியில் விழுந்தான். ஒரு முறை என்றால் பையனின் தப்பு. நான்காவது முறை கோ-ஆர்டினேட்டர் கார்டை என் கையிலிருந்து பிடுங்கி, தலைகீழாகத் திருப்பி, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

டிஃபென்ஸ் கார்டைத் தலைகீழாக வரையுங்கள். அவ்வளவுதான் பாடம், ஆனால் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இன்னொரு செய்தி. முன்பெல்லாம் முதல் டிவிஷனில் அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல் ஆட்கள் பயிற்சியின்போது வீரனுக்குப் பாடம் எடுக்கக் கூடாது. கண்ணெதிரே பையன் தப்பான காலை முன்வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். 2024 ஜூனில் என்சிஏஏ அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளி வீரர்களை அணிக்குப் பிடிக்கும் உரிமை மட்டும் இன்னும் ஹெட் கோச்சுக்கும் அந்தப் பத்துப் பேருக்கும்தான். இன்றைக்கு நுழைபவருக்கு இது பெரிய அனுகூலம். கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு எங்கள் காலத்தைவிட நான்கைந்து வருடம் முன்னதாகவே கிடைக்கிறது.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஃப்-1 விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஃபுட்பால் ஜிஏ வேலை செவ்வாய்க்கிழமையே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். ஒப்புக்கொள்வதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று அணியில் யாராவது சொன்னால், நாடு திரும்பும் டிக்கெட் அவர் எடுக்கப்போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

யாரிடம் சேர்வது

டாலஸ் அக்காவின் பையன் என்னிடம் கேட்டதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகம் பெரியது என்றுதான். நான் திரும்பக் கேட்டது: யார் உனக்காக இன்னொருவருக்குப் போன் செய்வார்?

இந்தத் தொழிலில் விண்ணப்பம் போட்டு வேலை கிடைத்தவர்கள் மிகக் குறைவு. ஒரு ஹெட் கோச் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவார், அவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்வார். ஆகவே சட்டையில் இருக்கும் சின்னத்தைப் பார்க்காதீர்கள். உங்களை உட்காரவைத்து, "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்" என்று சொல்லிக்கொடுக்கும் ஆளைப் பாருங்கள். அவர் முன்பு வைத்திருந்த ஜிஏக்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் தொழிலை விட்டுவிட்டார்கள் என்றால் அந்த வாசலில் செருப்பைக் கழற்றாதீர்கள்.

பின்னாளில் அலபாமாவின் புகழ்பெற்ற ஹெட் கோச்சான நிக் சேபனுக்குக் கோச் ஆகும் எண்ணமே இருக்கவில்லை. மனைவியின் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது, கென்ட் ஸ்டேட்டில் ஹெட் கோச் டான் ஜேம்ஸ் ஜிஏவாக இருக்கச் சொன்னார், 1973-இல் சேர்ந்தார். முதன்முதலாக ஹெட் கோச் ஆனது 1990-இல், டொலிடோவில். நடுவில் 17 வருடம் யாரோ ஒருவருக்கு அசிஸ்டன்ட்.

டேன் லானிங் கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். மிசௌரியில் பள்ளி கோச்சாக இருந்தவர், 2011-இல் இரவோடு இரவாகப் பிட்ஸ்பர்க் வரை கார் ஓட்டிப் போய், அங்கே பல்கலைக்கழக அணியின் ஹெட் கோச் டாட் கிரஹமின் அலுவலக வாசலில் நின்று ஜிஏ வேலை வாங்கினார். பிறகு 2014-இல் சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் முழுநேர அசிஸ்டன்ட். அடுத்த வருடம் அதை விட்டுவிட்டு அலபாமாவில் மறுபடியும் ஜிஏ! ஏறிய படியிலிருந்து இறங்கினார், சேபனிடம் கற்பதற்காக. அங்கே கோ-ஆர்டினேட்டராக இருந்த கர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவுக்கு ஹெட் கோச்சாகப் போய், 2018-இல் அவரை அழைத்துக்கொண்டார். 2021 டிசம்பரில் ஆரெகனின் ஹெட் கோச். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு உடனே காரை எடுக்காதீர்கள். இரவெல்லாம் ஓட்டிப் போய் வாசலோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் ஒருமுறை இந்தியானா வரை போய்விட்டுத் திரும்பினேன். வரவேற்பறைப் பெண்மணி காபி கொடுத்தார், அது நன்றாக இருந்தது.

ஆள் பிடிப்பது

கோச்சிங் என்றால் விசில் என்று நினைக்கிறார்கள். முழுநேர அசிஸ்டன்ட் ஆன நாளிலிருந்து வருடத்தில் பாதி ரெக்ரூட்டிங்தான். உங்களுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுப்பார்கள். எனக்கு வடக்கு டெக்ஸாஸும் ஒஹாயோவின் ஒரு மூலையும்.

விதிகளைக் கரைத்துக் குடிக்க வேண்டும். முதல் டிவிஷனில் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் பையனுக்கு ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பக் கூடாது. டெட் பீரியட் என்று சில வாரங்கள் உண்டு, அப்போது நேரில் சந்திக்கவே கூடாது. இரண்டாம் டிவிஷனில் இருந்தபோது, வெளியே போவதற்கு முன் வருடாவருடம் விதிமுறைத் தேர்வு எழுதித் தேறினேன்.

பள்ளிக்குப் போனால் முதலில் அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு அந்த ஊர் கோச். அவரிடம் "உங்கள் நல்ல வீரன் யார்" என்று கேட்காதீர்கள், அதை வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். "லாக்கர் அறையை யார் சுத்தம் செய்வார்கள்" என்று கேளுங்கள். அப்புறம் மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆகவே அங்கே கோச்சின் பாதி வேலை வங்கி அலுவலர் வேலை. மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நான் பெற்றோர்களோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பல சின்னக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்பதே மாணவர் எண்ணிக்கையை உயர்த்தும் வழி. "உன் பங்குக்கு 20 பையன்கள்" என்று ஒரு இலக்கு இருக்கும். நூறு பேருக்கு மேல் இருக்கும் அணியில் அவனுக்கு ஆட இடமில்லை என்று தெரிந்தும் சேர்க்கச் சொல்வார்கள். பையனின் அம்மாவிடம் பொய் சொல்லாமல் இந்த இலக்கை எட்ட முடியுமா? எட்டலாம், ஆனால் இரண்டு மடங்கு வீடுகள் ஏற வேண்டும். நான் ஒரு வருடம் 14-உடன் நின்றேன். அதற்கான பேச்சையும் வாங்கிக்கொண்டேன்.

2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இப்போது புதிய பையனைப் பிடிப்பதைவிட இருக்கும் பையனைத் தக்கவைப்பதுதான் பெரிய வேலை. உங்கள் பிரிவில் இருக்கும் ஐந்து பேரோடும் வாரம் ஒருமுறை, ஃபுட்பால் தவிர வேறு எதையாவது பேசுங்கள். நான் அவர்களுக்கு இட்லி கொடுத்துப் பார்த்தேன். 120 கிலோ பையன்கள், 16 இட்லி சாப்பிட்டுவிட்டு "கோச், இது ஸ்டார்ட்டரா?" என்றார்கள்.

நேர்காணல்

வெள்ளைப் பலகை முன் நிறுத்துவார்கள், மார்க்கரைக் கொடுப்பார்கள். "மூன்று பேர் முன்வரிசைக்கு எதிராக உன் இன்சைட் ஜோனை வரை." நடு வழியாகப் பந்தோடு ஓடும் ஒரு பிளே அது. மனப்பாடமாக வரைந்து முடித்துவிட்டு நான் பெருமையாகத் திரும்பினேன். ஹெட் கோச் சொன்னார்: "சரி, நான் 18 வயதுப் பையன், நேற்றிரவு தூங்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடு." வாய் அடைத்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த நேர்காணலுக்கு முன் என் மனைவியை உட்காரவைத்து, டைட் எண்டின் முதல் அடி எந்தக் காலில், எத்தனை அங்குலம், கண் எதைப் பார்க்க வேண்டும் என்று பத்து முறை சொல்லிப் பழகினேன். இன்றும் அவள் டிவியில் ஆட்டம் பார்க்கும்போது "முதல் அடி தப்பு" என்கிறாள், பெரும்பாலும் சரியாகவே.

பயிற்சி வீடியோக்களை நான்கு நிமிடத்துக்குள் வெட்டி எடுத்துப்போங்கள். ஜனவரியில் நடக்கும் அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்க மாநாட்டுக்குப் போங்கள், ஆனால் ஹோட்டல் லாபியில் சுயவிவரத் தாள் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உங்களைப் போல் நூற்றுக்கணக்கானோர் அங்கே நிற்பார்கள். காலை 8 மணி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் ஒரே ஒரு நல்ல கேள்வி கேளுங்கள்.

வேலை போகும் நாள்

போகும். ஹெட் கோச்சை நீக்கினால் அவர் அழைத்துவந்த அசிஸ்டன்டுகளும் பெரும்பாலும் கிளம்ப வேண்டியதுதான். பொசிஷன் கோச்சின் ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டோ இரண்டாண்டோ.

எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள். கூட்டம் பத்து நிமிடம்கூட இல்லை. சாவியும் லேப்டாப்பும் மதியத்துக்குள் வேண்டும் என்றார்கள். மருத்துவக் காப்பீடு மாதக் கடைசி வரை. மனைவிக்கு ஏழாம் மாதம். காரில் உட்கார்ந்து முதலில் செய்தது அன்று மாலை வீட்டுக்கு வரவிருந்த ஒரு பையனின் அப்பாவுக்குப் போன், நான் இனி இங்கே இல்லை என்று சொல்ல. அவர் பள்ளி கோச். மூன்று வாரம் கழித்து அவர்தான் இப்போதைய கல்லூரிக்கு என் பெயரைச் சொன்னார்.

எனவே ஆறு மாதச் செலவுக்குப் பணம், வாடகை வீடு, உங்கள் சொந்தக் குறிப்பேடு, தொடர்பு எண்கள் சொந்த போனில். பின்னாளில் கிளெம்சனின் ஹெட் கோச்சான டாபோ ஸ்வினிகூட அலபாமாவில் வேலை போனபின் இரண்டு வருடம் ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் இருந்துவிட்டு 2003-இல் கிளெம்சனுக்கு ரிசீவர் கோச்சாக வந்தவர்தான். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யுஎஸ்சியில் ஹெட் கோச் பதவியிலிருந்து நீக்கப்பட்ட ஸ்டீவ் சார்கீசியன் 2016-இல் அலபாமாவில் அனலிஸ்டாக உட்கார்ந்தார். 2020-இல் நாட்டின் சிறந்த அசிஸ்டன்டுக்கான பிராயில்ஸ் விருது அவருக்கு.

அக்காவின் பையனுக்கு நான் கொடுத்த வேலை இது. பிப்ரவரி மூன்றாம் வாரம், ரெக்ரூட்டிங் அடங்கி வசந்தப் பயிற்சி தொடங்குவதற்கு முன், பத்துக் கல்லூரிகளின் ஆபரேஷன்ஸ் டைரக்டர்களுக்கு மின்னஞ்சல். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். எப்போது கல்லூரியில் சேர்கிறாய், ஹடில், எக்செல், விசியோ தெரியுமா, ஆகஸ்ட் முதல் தேதி வர முடியுமா. ஃபுட்பால் மேல் எவ்வளவு ஆசை என்று எழுதாதே, அது எல்லாருக்கும் இருக்கிறது. கூடவே அந்த அணியின் போன வருட ஆட்டம் ஒன்றைப் பார்த்து, மூன்றாவது டவுன்களை மட்டும் எக்செல்லில் நிரப்பி இணைத்து அனுப்பு.

நேற்று முதல் கோப்பை எனக்கு அனுப்பியிருந்தான். ஹாஷ் கட்டம் முழுக்கக் காலி. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.